நீரின் குளிரும் மீனின் மரபணுவும்

ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் கருவுறும் நொடியிலேயே முடிவாகிவிடுகின்றன என்பது பொதுவான எண்ணம். மனிதரைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. தந்தையின் விந்தணு எக்ஸ் குரோமோசோமைச் சுமந்து வந்ததா, ஒய் குரோமோசோமைச் சுமந்து வந்ததா என்பதே கருவின் பாலினத்தை வகுக்கிறது. ஒய் குரோமோசோமில் அமைந்துள்ள எஸ்.ஆர்.ஒய் என்னும் மரபணு, விந்தகம் உருவாவதற்கான முதல் ஆணையைப் பிறப்பிக்கிறது என்பது 1990ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தாயின் உடல்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிலைத்திருப்பதால், வெளியே பனி பெய்கிறதா வெயில் காய்கிறதா என்பது கருவறைக்குள் தெரிவதில்லை.

மீனின் நிலை வேறு. பெரும்பாலான மீன்களுக்கு உடல்வெப்பம் என்று தனியாக ஒன்றில்லை. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அவற்றின் உடல்வெப்பம். முட்டையும் விந்தும் நீரிலேயே கலக்கின்றன. ஊசிமுனை அளவே உள்ள கரு, பாதுகாப்பான கருவறை ஏதுமின்றி அலையிலும் ஓதத்திலும் கிடந்து வளர்கிறது. நீர் இரண்டு டிகிரி குளிர்ந்தால் கருவின் ஒவ்வொரு செல்லும் இரண்டு டிகிரி குளிர்கிறது. செல்லுக்குள் நிகழும் வேதிவினைகளின் வேகம் மாறுகிறது. அவ்வினைகளை நடத்தும் மரபணுக்களின் செயலும் மாறுகிறது. இந்த மாற்றம் மீனின் இனப்பெருக்கத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்னும் வினாவுக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் கிடைத்துள்ள விடைகள் வியப்பூட்டுபவை.

மரபியல் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு அதுவே பெயர். உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் அவ்வியல் தொகுத்துரைக்கிறது. கடல்வாழ் சுறாவின் ஆணுக்கு 'ஏறு' என்னும் பெயர் உரியது என்றும் குறிக்கிறது. இன்றைய அறிவியல் அதே சொல்லை மரபணுக்களை ஆராயும் துறைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. சில மீன்களுக்கு ஆண் என்றோ பெண் என்றோ பெயர் சூட்டுமுன், அது குஞ்சாக இருந்தபோது நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும் என்று அத்துறை இப்போது சொல்கிறது.

குளிரில் பிறக்கும் பெண்மீன்கள்

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரையோரம், தெற்கே ஃபுளோரிடாவின் வடபகுதியிலிருந்து வடக்கே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடா வரை, சில்வர்சைடு எனப்படும் சிறுமீன் பெருந்திரளாக வாழ்கிறது. விலாப்புறம் நெடுக ஓடும் வெள்ளிக்கோட்டால் அதற்கு அப்பெயர் அமைந்தது. ஒரு சாண் நீளம்கூட வளராத இம்மீனின் வாழ்நாள் பெரும்பாலும் ஓராண்டே. வசந்தம் தொடங்கியதும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய உயர் ஓத நாட்களில், கரையோரப் புற்களின் அடித்தண்டுகளில் இது முட்டையிடுகிறது. முட்டையிடும் பருவம் சில மாதங்கள் நீள்கிறது. அதனால் பருவத்தின் தொடக்கத்தில் பொரிக்கும் குஞ்சுகள் குளிர்ந்த நீரிலும், இறுதியில் பொரிப்பவை வெதுவெதுப்பான நீரிலும் வளர்கின்றன.

டேவிட் கானோவர், பாய்ட் கைனார்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் இம்மீனைப் பற்றி 1981இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே தாய்மீனின் முட்டைகளைப் பிரித்து, ஒரு பகுதியைக் குளிர்நீரிலும் மறுபகுதியை வெதுவெதுப்பான நீரிலும் வளர்த்தபோது, குளிர்நீரில் பெண்மீன்கள் மிகுதியாகவும் வெதுநீரில் ஆண்மீன்கள் மிகுதியாகவும் தோன்றின. குஞ்சுப்பருவத்தின் ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள் நிலவும் வெப்பநிலையே இதற்குக் காரணமாக இருந்தது. அந்த இடைவெளி கடந்தபின் நீரை எவ்வளவு குளிர்வித்தாலும் பாலினம் மாறவில்லை. எல்லாக் குடும்பங்களும் ஒரே அளவில் மாறவுமில்லை. சில தாய்மீன்களின் குஞ்சுகள் குளிரைக் கூர்மையாக உணர்ந்தன. வேறு சிலவற்றின் குஞ்சுகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. குளிரை உணரும் திறனே மரபுவழி வருவது என்பதற்கு இதுவே முதற்சான்று ஆயிற்று.

குளிர் ஏன் பெண்ணை உருவாக்க வேண்டும்? ஓராண்டே வாழும் மீனுக்குக் காலம் அரிய செல்வம். பருவத்தின் தொடக்கத்தில் பிறந்த குஞ்சுக்கு வளர்வதற்கு முழுக்கோடையும் கிடைக்கிறது. அது பெரிதாக வளர்கிறது. பெண்மீன் பெரிதாக இருந்தால் அதன் வயிற்றில் முட்டைகள் மிகும். ஆண்மீனுக்கோ உடற்பெருக்கத்தால் அந்த அளவு ஆதாயம் இல்லை. சிறிய ஆணும் போதிய விந்தை உண்டாக்கவல்லது. ஆகவே முன்னே பிறப்பவை பெண்ணாகவும் பின்னே பிறப்பவை ஆணாகவும் அமைவது இனத்துக்கு நன்மை தரும். நாட்காட்டி அறியாத குஞ்சுக்குத் தான் பிறந்த மாதத்தைத் தெரிவிப்பது நீரின் குளிர்தான்.

இவ்விளக்கம் சரியானால், முட்டையிடும் பருவம் குறுகிய இடத்தில் இந்த ஏற்பாட்டுக்குத் தேவை இருக்கக்கூடாது. கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடற்பகுதியில் கோடை மிகக் குறுகியது. முட்டையிடும் பருவமும் அவ்வாறே. முந்திப் பிறந்ததற்கும் பிந்திப் பிறந்ததற்கும் அங்கே வளர்ச்சியில் பெரிய வேறுபாடு ஏற்பட இடமில்லை. கானோவரும் ஸ்டீபன் ஹெய்ன்ஸும் வடக்கு மீன்களையும் தெற்கு மீன்களையும் ஒரே வகையான தொட்டிகளில் ஒரே வெப்பநிலைகளில் வளர்த்து ஒப்பிட்டனர். தெற்கு மீன்கள் குளிருக்கும் வெப்பத்துக்கும் ஏற்பப் பாலின விகிதத்தை மாற்றின. நோவா ஸ்கோஷிய மீன்களில் எந்த வெப்பநிலையிலும் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதியாகவே இருந்தன. 1987இல் வெளியான இம்முடிவு, ஒரே இனத்துக்குள் ஒரு கூட்டம் பாலினத்தைக் குளிரிடம் ஒப்படைத்திருக்க, மற்றொரு கூட்டம் அதை மரபணுக்களிடமே வைத்திருப்பதைக் காட்டியது.

அடுத்து நடந்த ஆய்வு இன்னும் துணிவானது. சில்வர்சைடு மீன்களைத் தொட்டிகளில் அடைத்து, சில தொட்டிகளை எப்போதும் குளிராகவும் சிலவற்றை எப்போதும் வெப்பமாகவும் பல தலைமுறைகள் வைத்திருந்தனர். முதல் தலைமுறைகளில் பாலின விகிதம் ஒருபுறம் சாய்ந்தே இருந்தது. தலைமுறைகள் செல்லச்செல்ல அச்சாய்வு குறைந்து சரிபாதியை நோக்கி நகர்ந்தது. கானோவரும் டேவிட் வான் வூர்ஹீஸும் 1990இல் இதை வெளியிட்டனர். ஒரு கூட்டத்தில் எந்தப் பால் அரிதோ அந்தப் பாலினத்தைப் பெற்றெடுக்கும் பெற்றோருக்கே பேரக்குஞ்சுகள் மிகும். எனவே விகிதம் காலப்போக்கில் சமமாகும் என்று ரொனால்டு ஃபிஷர் 1930இல் எழுதியிருந்தார். அறுபது ஆண்டுகளாக ஏட்டில் இருந்த அந்த வாதத்துக்கு ஒரு சாண் மீன் தொட்டிநீரில் சான்று தந்தது.

சுவடியும் மையும்

இவையெல்லாம் மீனை வெளியிலிருந்து பார்த்து அறிந்தவை. செல்லுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிய ஒரு நொதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் அரோமட்டேஸ். ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மைக்குரிய ஈஸ்ட்ராடையோலாக மாற்றுவது அதன் பணி. முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்விரு ஹார்மோன்களும் எதிரெதிர்த் துருவங்கள் போலப் பேசப்பட்டாலும், வேதியியல் நோக்கில் ஒன்று மற்றொன்றின் முந்தைய நிலையே. இளங்குஞ்சின் இனப்பெருக்கச் சுரப்பி தொடக்கத்தில் சூலகமும் அன்று, விந்தகமும் அன்று. அங்கே அரோமட்டேஸ் மரபணு வலுவாகச் செயற்பட்டால் ஈஸ்ட்ராடையோல் பெருகிச் சுரப்பி சூலகமாகிறது. அது அடங்கிக் கிடந்தால் விந்தகத்துக்குரிய மரபணுக்கள் மேலோங்குகின்றன. மீன்களில் இந்த மரபணு இரு படிகளாக உள்ளது. ஒன்று முதன்மையாகச் சூலகத்திலும் மற்றது மூளையிலும் செயற்படுகின்றன. பாலினத்தை வகுப்பதில் முதலாவதே முக்கியமானது.

குளிர் இம்மரபணுவை எவ்வாறு எட்டுகிறது என்பதற்குத் தெளிவான விடை ஐரோப்பியக் கடல்பாஸ் மீனிடமிருந்து கிடைத்தது. தமிழகக் கடலோரங்களில் கொடுவா என்று வழங்கும் மீனையும் ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று சொல்வதுண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து பின்னர்ப் பெண்ணாக மாறுவது. ஐரோப்பியக் கடல்பாஸோ ஒருமுறை முடிவான பாலினத்தை மாற்றிக்கொள்வதில்லை. மத்தியதரைக் கடற்பகுதியில் அது குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் இயற்கையில் குளிர்ந்த நீரிலேயே முதற்சில வாரங்களைக் கழிக்கின்றன. மீன்பண்ணைகளில் குஞ்சுகள் விரைந்து வளரவேண்டும் என்பதற்காக நீரைச் சூடாக்கினர். குஞ்சுகள் விரைந்து வளர்ந்தன. ஆனால் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டவை ஆண்மீன்களாகவே அமைந்தன. இந்த இனத்தில் பெண்மீனே பெரிதாக வளர்வது; ஆண்மீன் சிறிதாகவே முதிர்ந்துவிடும். விரைவுக்காகச் செலவிட்ட வெப்பம் பண்ணையாளர்களுக்கு எடைக்குறைவையே திருப்பித் தந்தது.

கடல்பாஸுக்கு மனிதருக்கு உள்ளது போன்ற எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இல்லை. பல மரபணுக்களின் கூட்டுச் செல்வாக்கும் நீரின் வெப்பமும் சேர்ந்தே அதன் பாலினத்தை முடிவுசெய்கின்றன. பார்சிலோனாவில் உள்ள கடல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரான்செஸ்க் பிஃபெரரும் அவருடைய குழுவினரும் இதன் உள்ளியக்கத்தை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். அவர்கள் அரோமட்டேஸ் மரபணுவின் முகப்புப் பகுதியை நோக்கினர். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் அதை இயக்குவதற்கும் நிறுத்துவதற்கும் உரிய ஒரு பகுதி உண்டு. அப்பகுதியில் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதிகள் ஒட்டிக்கொண்டால், மரபணுவை இயக்க வரும் புரதங்கள் அங்கே பற்றிக்கொள்ள இயலாது போகிறது. ஆண் கடல்பாஸில் இம்மெத்தில் தொகுதிகள் பெண்ணில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்தன. குஞ்சுப்பருவத்தில் வெப்பநீரில் வளர்ந்தவற்றில் அவை மிகுந்தன. அதற்கேற்ப அரோமட்டேஸ் குறைந்தது. இனப்பெருக்கச் சுரப்பியின் வடிவம் வேறுபடத் தொடங்கும் முன்பே இந்த மாற்றம் நிகழ்ந்திருந்தது.

இதை விளக்க ஓலைச்சுவடியை நினைத்துப் பார்க்கலாம். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்துகள் முழுமையாக இருக்கும். எனினும் மை தடவாதவரை அவை கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. மையைத் தடவினால் எழுத்து துலங்கும். எழுத்து புதிதாகச் சேர்வதுமில்லை, குறைவதுமில்லை. வெப்பநீரில் வளர்ந்த கடல்பாஸின் அரோமட்டேஸ் மரபணு மை தடவாத ஓலை போன்றது. அதன் எழுத்துவரிசையில் ஒன்றும் கெடவில்லை. குளிர்நீரில் வளர்ந்த குஞ்சில் அதே வரி தெளிவாகப் படிக்கப்படுகிறது, சூலகம் உருவாகிறது. மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் வாசிப்பை மட்டும் மாற்றும் இத்தகைய செயல்களை ஆராயும் துறை எபிஜெனிடிக்ஸ் எனப்படுகிறது.

மை ஒருமுறை தடவினால் பெற்றோரின் ஓலையோடு முடிந்துவிடுமா, பிள்ளைகளின் ஓலைக்கும் செல்லுமா? சீனக் கடலோரங்களில் வாழும் ஒருவகை நாக்குமீன் இவ்வினாவுக்கு எதிர்பாராத விடை தந்தது. இம்மீனில் பறவைகளைப் போல இசட், டபிள்யூ என்னும் குரோமோசோம்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து பெற்றது பெண். சாதாரண வெப்பநிலையில்கூட இப்பெண்களுள் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆணாக மாறிவிடுகின்றன. நீரை 28 டிகிரிக்கு உயர்த்தினால் அது 73 விழுக்காடாகிறது. 2014இல் வெளியான ஆய்வு, இவ்வாறு மாறிய போலி ஆண்களின் டி.என்.ஏ.வில் மெத்தில் அமைப்பு உண்மையான ஆண்களுடையதை ஒத்திருந்ததைக் காட்டியது. அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளுள் மரபணுவால் பெண்ணானவை பெரும்பாலும் எந்த வெப்பமும் படாமலே ஆணாயின. தந்தை குஞ்சாக இருந்தபோது பட்ட வெப்பத்தின் தடம் பிள்ளையின் உடலில் தெரிந்தது. நீரின் வெப்பம் ஒரு கோடையோடு மறையும் செய்தியென்று எண்ணியவர்களுக்கு இது கவலை தரும் கண்டுபிடிப்பு.

அர்ஜென்டினாவின் ஏரிகளில் வாழும் பெஜெரெய் மீனில் இவ்வியக்கம் உச்சத்தை எட்டுகிறது. 17 டிகிரியில் வளர்த்த குஞ்சுகள் அனைத்தும் பெண்; 29 டிகிரியில் வளர்த்தவை அனைத்தும் ஆண். இடைப்பட்ட 25 டிகிரியை ஒட்டிய நீரில் இரண்டும் கலந்து தோன்றுகின்றன. அந்த இடைநிலை வெப்பத்தில் யார் ஆணாவது என்பதைப் பெரிதும் ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவே முடிவுசெய்கிறது. ஆகவே இம்மீனில் மரபணுவின் சொல் செல்லுபடியாவதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகுந்த வெப்பத்தில் இளங்குஞ்சின் உடலில் கார்டிசால் என்னும் நெருக்கடிகால ஹார்மோன் உயர்கிறது. அது விந்தகத்தை நோக்கிய பாதையைத் தூண்டுகிறது. குளிர்ந்த நீரில் அத்தூண்டல் எழுவதில்லை.

எல்லா மீன்களும் இவ்வாறு குளிருக்குச் செவிசாய்ப்பவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஜப்பானின் மெடக்கா மீனில் ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு ஆண்மையை வகுப்பது 2002இல் கண்டறியப்பட்டது. இயல்பான நீரில் அதன் ஆணையே நிற்கிறது. வெப்பத்தால் பாலினம் மாறுவதாகச் சொல்லப்பட்ட மீன்களை 2008இல் பிஃபெரரும் நடாலியா ஓஸ்பினா ஆல்வரெஸும் மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். அவற்றுள் பலவற்றில் இயற்கையில் நிலவாத கடும் வெப்பமே மாற்றத்துக்குக் காரணமாக இருந்தது. உண்மையாகவே வெப்பநிலையைச் சார்ந்தவற்றில் ஒரு பொதுப்போக்கு தெரிந்தது: நீர் வெப்பமாக ஆக ஆண்கள் மிகுவர். ஓரிரு டிகிரி உயர்ந்தாலே ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதம், ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண் என்னும் அளவுவரை சாயக்கூடும் என்று அவர்கள் கணித்தனர். முட்டையிடுவது பெண்ணே, பெண்மீன் குறைந்தால் அடுத்த ஆண்டின் மீன்வளம் குறையும். சில்வர்சைடு தொட்டியில் பல தலைமுறைகளில் சமநிலையை மீட்டது. ஓராண்டில் ஒரு தலைமுறை காணும் மீனுக்கு அது இயன்றது. முதிர்வதற்கே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மீன்களுக்கு அந்த அவகாசத்தைக் கடல் தருமா என்பதே இன்று மீன்வள அறிஞர்கள் முன்னுள்ள வினா.

முட்டைக்குள் குளிர்

வளர்ந்த மீனிடமும் குளிர் செயற்படுகிறது. ஜப்பானியக் கடலோரத்துப் பேத்தைமீன் ஒன்று வசந்தத்தின் பெரும் ஓதங்களின்போது கரைக்கு வந்து முட்டையிடும். அம்மீனை இனப்பெருக்கக் காலத்தில் 14, 21, 28 டிகிரி நீரில் தனித்தனியே வைத்துப் பார்த்தனர். நடுநிலையான 21 டிகிரியில் மூளையின் இனப்பெருக்க மரபணுக்கள் தம் பணியைத் தொடர்ந்தன. குளிர்நீரிலும் வெப்பநீரிலும் அவை தாழ்ந்தன. மூளையில் உண்டாகும் கிஸ்பெப்டின் என்னும் சிறுபுரதம் அடுத்த ஹார்மோனைத் தூண்ட, அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அச்சுரப்பி சூலகத்தை முதிரச் செய்ய வேண்டும். முதல் கண்ணியே தளர்ந்ததால் முழுச்சங்கிலியும் தளர்ந்தது. சால்மன் போன்ற குளிர்நீர் மீன்களில் நிலைமை தலைகீழ். முட்டையிடுவதற்கு முந்தைய மாதங்களில் நீர் போதிய அளவு குளிராவிட்டால் அவற்றின் அரோமட்டேஸ் தாழ்ந்து, முட்டைக்கு வேண்டிய மஞ்சட்கருப் புரதத்தையும் முட்டையுறைப் புரதத்தையும் ஆக்கும் மரபணுக்களின் வேலை குறைகிறது. ஆகவே குளிர் நன்மையா தீமையா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த மீனுக்கு, எந்தப் பருவத்தில் என்று கேட்கவேண்டும்.

குளிர் நேரடியாகக் குரோமோசோம்களின் எண்ணிக்கையையே மாற்றும் ஒரு தருணமும் உண்டு. மீனின் முட்டை நீரில் விழும்போது குன்றல் பகுப்பை முடித்திருப்பதில்லை. இரண்டாம் பகுப்பின் நடுவே காத்திருக்கிறது. விந்தணு நுழைந்தபின்பே எஞ்சிய பகுப்பு நடந்து, மிகையான ஒரு தொகுதிக் குரோமோசோம்கள் துருவ உடலம் என்னும் சிறு செல்லாக வெளியேற்றப்படுகின்றன. குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிப்பவை நுண்குழல்கள் எனப்படும் நுண்ணிய புரத இழைகள். கடுங்குளிரில் இவை சிதைந்துவிடும் இயல்பினை உடையவை. கருவுற்ற சில நிமிடங்களுக்குள் முட்டையைத் திடீரென உறைநிலைக்கு அருகே குளிர்வித்தால், இழைகள் கலைந்து, வெளியேற வேண்டிய தொகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று என்று மூன்று தொகுதிகளுடன் கரு வளர்கிறது. இதை மும்மயம் என்பர். ஸ்டிக்கில்பேக் என்னும் முள்மீனின் முட்டைகளைக் குளிர்வித்து எச். சுவரூப் என்னும் ஆய்வாளர் 1959இல் இத்தகைய மும்மய மீன்களை உருவாக்கிக் காட்டினார்.

மும்மய மீன் பெரும்பாலும் மலடு. மூன்று தொகுதிகளைச் சரிபாதியாகப் பிரிக்க வழியில்லாததால் அதன் இனச்செல்கள் ஒழுங்காக உருவாவதில்லை. பண்ணையிலிருந்து தப்பிய மீன் ஆற்றில் புகுந்து காட்டு மீன்களோடு கலந்துவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு இம்மலட்டுத்தன்மையே பாதுகாப்பு. இன்று சால்மன், டிரவுட் மீன்களில் இதற்குக் குளிரைவிட அழுத்தமும் வெப்பமுமே மிகுதியாகப் பயன்படுகின்றன. திலேப்பியா, கெண்டை போன்ற வெப்பநீர் மீன்களுக்குக் குளிரதிர்ச்சி ஏற்ற முறையாக உள்ளது.

உறைநீரில் ஒரு தொட்டில்

நுண்குழல்கள் குளிரில் சிதையுமானால், ஆண்டு முழுவதும் உறைநிலையில் இருக்கும் அண்டார்டிகக் கடலில் மீன்முட்டை எவ்வாறு பிளவுறுகிறது? அங்குள்ள நீரின் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே, ஏறத்தாழ 1.9 டிகிரிவரை இறங்குகிறது. உப்பு மிகுந்ததால் கடல்நீர் அந்நிலையிலும் நீராகவே இருக்கிறது. சாதாரண மீனின் குருதி அதற்கு முன்பே உறைந்துவிடும். இக்கடலின் பெரும்பான்மை மீன்கள் நோட்டோதீனியாய்டு என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் நுண்குழல்களை வில்லியம் டெட்ரிக்கும் உடனுழைத்தோரும் ஆராய்ந்தனர். நுண்குழலை ஆக்கும் டியூபுலின் புரதத்தில் ஏற்பட்டிருந்த சிறுசிறு மாற்றங்களே அவ்விழைகளைக் குளிரிலும் சிதையாமல் காத்தன. வேறு மீனின் முட்டைக்குள் பகுப்பைக் கலைத்துவிடும் குளிரில் இவற்றின் முட்டை அமைதியாகப் பிளவுறுகிறது.

இக்குலத்தின் மற்றொரு காப்பு உறைதடுப்புப் புரதம். ஆர்தர் டெவ்ரீஸ் இதைக் கண்டறிந்தார். இது எங்கிருந்து வந்தது என்பதை அவரும் கிறிஸ்டினா செங்கும் 1997இல் விளக்கினர். உணவைச் செரிக்க உதவும் டிரிப்சினோஜன் என்னும் நொதிமூலத்தின் மரபணுவே படியெடுக்கப்பட்டு, உருமாறி, பனிப்படிகத்தைத் தடுக்கும் புரதத்தின் மரபணுவாயிற்று. செரிமானக் கருவி குளிர்க்காப்பாக மாறிய இது, மரபணுக்களின் வரலாற்றில் மிகத் தெளிவாகப் படித்தறியப்பட்ட கதைகளுள் ஒன்று.

முட்டைக்கும் இத்தகைய காப்பு தேவைப்பட்டது. கரு முதிர்ந்து குஞ்சாவதற்கு இக்குளிரில் பல மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் முட்டை பனிப்படிகங்களுக்கு நடுவே கிடக்கவேண்டும். எல்லா மீன்முட்டைகளையும் சூழ்ந்திருப்பது சோனா பெல்லுசிடா என்னும் புரத உறை. விந்தணுவை வரவேற்பதும் கருவைக் காப்பதும் அதன் வழக்கமான கடமைகள். அண்டார்டிக மீன்களில் இவ்வுறைப் புரதங்களுக்கான மரபணுக்கள் பலமுறை படியெடுக்கப்பட்டுப் பெருகியிருப்பது 2016இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அப்படிகளுள் சில, முட்டையை உறைவிலிருந்து காக்கும் புதிய திறனைப் பெற்றிருந்தன. மிகையாகக் கிடைத்த ஒரு படி பழைய கடமையைச் செய்ய, மற்றொன்று புதிய வேலையைக் கற்றுக்கொள்வதற்கு விடுபட்டது. இனப்பெருக்கத்துக்குரிய மரபணுவையே குளிர் மாற்றியமைத்ததற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' ஆய்வுக்கப்பல் அண்டார்டிகாவின் வெடல் கடலில் சென்றுகொண்டிருந்தபோது, கடலடியை ஒட்டி இழுத்துச் செல்லப்பட்ட ஒளிப்படக்கருவியில் வட்டவட்டமான பள்ளங்கள் தென்படத் தொடங்கின. ஏறத்தாழ முக்கால் மீட்டர் அகலமுள்ள அப்பள்ளங்கள் பனிமீன்களின் கூடுகள். ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் ஆழத்தில், 240 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் அவை பரவியிருந்தன; மொத்தம் ஆறு கோடி இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பயன்பாட்டில் இருந்த கூடு ஒவ்வொன்றிலும் சராசரியாக ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருந்தன. கூட்டின்மேல் ஒரு மீன் காவல் கிடந்தது. அந்த இடத்தின் அடிநீர் சுற்றியுள்ளதைவிட இரண்டு டிகிரிவரை வெதுவெதுப்பாக இருந்ததும் அளந்தறியப்பட்டது. உறைநீருக்கென்று உடலையும் முட்டையுறையையும் மாற்றிக்கொண்ட இம்மீன்கள், முட்டையிடுவதற்கு மட்டும் அந்தச் சிறு வெதுவெதுப்பைத் தேடி வந்திருந்தன.